பாஸ்புக்கில் தொடங்குங்கள்: காசு செலவில்லாமல் பண நிர்வாகம் கற்க கடலூர், புதுச்சேரியில் இருக்கும் வழிகள்

பணத்தைக் கையாளச் சொல்லித்தருகிறோம் என்று சில ஆயிரம் ரூபாய்க்கு வகுப்பு விற்கும் விளம்பரங்கள் எல்லார் போனிலும் வருகின்றன. அந்த வகுப்புகளில் வரும் அடிப்படைப் பாடங்களை ரிசர்வ் வங்கியும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும், காப்பீட்டு, ஓய்வூதிய ஆணையங்களும் பல வருடங்களாக இலவசமாகவே தருகின்றன. அதில் நிறைய தமிழிலும் கிடைக்கிறது. எதை முதலில் படிப்பது, எந்த ஊர்க்காரர் எந்த அலுவலகத்துக்குப் போவது, போனால் என்ன கேட்பது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. அதற்காகவே இந்தக் குறிப்பு.

முதல் பாடநூல் உங்கள் பாஸ்புக்தான்

எந்தக் கையேட்டையும் இறக்கும் முன் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் கடைசி ஆறு மாதத்தைப் பதிந்து வாங்குங்கள். ஒரு பேனா எடுத்து, பணம் போனதாகக் காட்டி, ஏன் என்று உங்களுக்குப் புரியாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகள்தான் நீங்கள் படிக்க வேண்டிய பாடத்திட்டம். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நாளில் நிறுத்திவிடுகிறார்கள். சொந்தக் கணக்கில் போன 236 ரூபாய்க்குக் காரணம் தேடுபவர் நிறுத்துவதில்லை.

வழக்கமாகப் புள்ளி விழும் வரிகள் இவை. மே மாதக் கடைசியில் 436 ரூபாய் போயிருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் போயிருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டும் ஜூன் 1 முதல் மறு வருடம் மே 31 வரை ஓடும். இரண்டிலும் காப்புத் தொகை 2 லட்சம். முதலாவதில் 18 முதல் 50 வயது வரையும், இரண்டாவதில் 18 முதல் 70 வயது வரையும் சேரலாம். இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்து இரண்டிலும் சேர்ந்துவிட்டவருக்கு இரண்டிலும் 436 பிடிக்கப்படும்; ஆனால் ஒருவருக்கு ஒரு காப்பு மட்டுமே செல்லும், மற்றொன்று வீண். மே கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இல்லாமல் போனால் புதுப்பிப்பு நின்றுவிடும். அந்த வருடம் வீட்டில் ஏதாவது நடந்து, பழைய நினைப்பில் படிவத்தோடு வங்கிக்குப் போகும்போதுதான் அது தெரியவரும். மே 20 வாக்கில் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வருபவை எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கார்டுக்கான வருடக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம், கணக்கில் பணமில்லாமல் கடன் தவணை திரும்பியதற்கான கட்டணம். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்வதால்தான் 200 ரூபாய் 236 ஆகிறது. குறைந்தபட்ச இருப்புக்காக அடிக்கடி பிடித்தம் நடந்தால் கணக்கை ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ ஆக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. மாதம் நான்கு முறையாவது கட்டணமில்லாமல் எடுக்கலாம். நிபந்தனை ஒன்று: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘பதிவு உண்டு’ என்று மட்டும் இருந்து பெயர் இல்லாவிட்டால், பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் அம்மா பெயரோ அண்ணன் பெயரோ அப்படியே கிடப்பது சகஜம். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம்.

எந்தக் கையேடு, எந்த வரிசையில்

ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் நிதிக் கல்விக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கே மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ‘ஃபேம்’ என்ற சிறு கையேடு கிடைக்கும். வரவு செலவு, சேமிப்பு, கடன், நாமினி, புகார் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிரு பக்கம்தான். முதலில் படிக்க வேண்டியது இதுதான். 2013-இல் ரிசர்வ் வங்கி ஒரு நிதிக் கல்வி வழிகாட்டியும், நிதி நாட்குறிப்பும், 16 சுவரொட்டிகளும் வெளியிட்டது. வழிகாட்டி பாடம் நடத்துபவருக்கானது. உங்களுக்கு வேண்டியது அந்த நாட்குறிப்பு, அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, 2022-இல் வந்த ‘பி அவேர்’ என்ற மோசடி எச்சரிக்கைக் கையேடு. ஓஎல்எக்ஸில் பழைய கட்டில் விற்கப் போனவர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் இழப்பது போன்ற ஒவ்வொரு மோசடியும் எந்தப் படியில் நடக்கிறது என்று பிரித்துக் காட்டும். வீட்டில் போன் அதிகம் பயன்படுத்தும் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, பெரியவர்களுக்குச் சொல்லவும் சொல்லுங்கள்.

இந்தக் கையேடுகளின் தமிழ் கொஞ்சம் விறைப்பானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வங்கி கவுண்டரில் யாரும் பேசாத சொற்கள் அதில் வரும். ‘நியமனதாரர்’ என்றால் நாமினி. ‘பிணையம்’ என்றால் கடனுக்கு ஈடாக வைக்கும் நகை, பத்திரம். ‘முதிர்வு’ என்றால் டெபாசிட் முடிகிற நாள். ‘அசல்’ மட்டும் எல்லார் வாயிலும் இருக்கிற சொல். ஒரு வாக்கியம் இரண்டு முறை படித்தும் புரியாவிட்டால் அது உங்கள் குறையில்லை. அதே பக்கத்தின் ஆங்கிலப் பதிப்பைத் திறந்து ஒப்பிட்டால் பெரும்பாலும் விஷயம் பிடிபடும்.

இதற்கு மேல் படிக்க விரும்புபவர்களுக்கு நிதிக் கல்விக்கான தேசிய மையம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் நான்கும் சேர்ந்து நடத்துவது. அதன் இணையதளத்தில் 20 பாடங்கள் கொண்ட இலவச இணையவழிப் படிப்பு உண்டு. முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். ஆங்கிலம் தடையில்லாத கல்லூரி மாணவர்களுக்கு ஏற்றது. தினம் ஒரு பாடம் என்று வைத்தால் மூன்று வாரத்துக்குள் முடியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபதையும் கிளிக் செய்து சான்றிதழை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. அந்தத் தாளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இதே மையம் 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தேசிய அளவில் ஒரு தேர்வும் நடத்துகிறது. பள்ளி வழியாக விசாரியுங்கள்.

நாட்குறிப்பை எப்படி எழுதுவது

மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்துத்தான் பட்ஜெட் பாடங்கள் எழுதப்படுகின்றன. கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் விசைப்படகில் போகிற குடும்பத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறவர்களுக்கும், விருத்தாசலம் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கும் வரவு மாதத்துக்கு மாதம் ஒன்றாக இருக்காது.

அப்படிப்பட்ட குடும்பம் முதலில் வரவை எழுதக் கூடாது. செலவை எழுத வேண்டும். வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். தடைக்கால இரண்டு மாதத்துக்கு 30,000. இதை மீதிப் பத்து மாதத்தில் பிரித்தால் மாதம் 3,000. ஆகவே கடலுக்குப் போகும் காலத்தில் வீட்டின் உண்மையான மாதச் செலவு 15,000 இல்லை, 18,000. இந்த ஒரு எண் பிடிபட்டுவிட்டால் ஏப்ரல் கடைசியில் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவது ஏன் என்பது புரிந்துவிடும். அந்த 3,000-ஐ அஞ்சலகத் தொடர் வைப்பில் போட நினைக்காதீர்கள். அது ஐந்து வருடத் திட்டம். ஏப்ரலில் கைக்கு வராது. உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு வருடத்துக்குள் முடிகிற தொடர் வைப்பு (ஆர்டி) போடுங்கள், ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும்படி மாதத்தை எண்ணித் தொடங்குங்கள். தடைக்கால நிவாரணம் எந்தத் தேதிக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதைக் கணக்கில் சேர்க்காமல் எழுதுவதே நல்லது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரைக்கு மழைக்காலச் செலவு தனியாக உண்டு. கையேடுகள் ‘அவசர கால நிதி’ என்று ஒரு வரியில் சொல்வதை இங்கே அக்டோபருக்கு முன் ஓட்டுக்கும் படகுக்கும் மோட்டாருக்கும் ஒதுக்கும் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் யாரிடம் கேட்பது

வங்கிக் கிளையில் ‘இலவச ஆலோசனை’ என்று உட்கார வைப்பவர் சில சமயம் காப்பீட்டு பாலிசி விற்பவராக இருப்பார். விற்காமல் சொல்லித்தர அமைக்கப்பட்டவை வேறு. ஒன்று, நிதிக் கல்வி மையம், எஃப்எல்சி என்பார்கள். மாவட்டத்தில் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி நடத்துவது. கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் இந்தியன் வங்கிதான் முன்னோடி வங்கி. இரண்டாவது சிஎஃப்எல், இதுவும் ஒரு வகை நிதிக் கல்வி மையம்தான். ரிசர்வ் வங்கி 2017-இல் தொடங்கிய திட்டம். சராசரியாக மூன்று ஒன்றியங்களுக்கு ஒரு மையம், தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. இவர்கள் ஊருக்கே வந்து கூட்டம் போடுவார்கள். உங்கள் ஒன்றியத்துக்கு எந்த மையம் என்பதை இந்தியன் வங்கியின் எந்தக் கிளையிலும் ‘முன்னோடி வங்கி மேலாளர் அலுவலக நம்பர் வேண்டும்’ என்று கேட்டு, அங்கே தெரிந்துகொள்ளலாம். கூகுளில் தேடி முதலில் வரும் நம்பருக்குப் பேசாதீர்கள். போலி உதவி எண்கள் அங்கேதான் அதிகம்.

எல்லை விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பாகூர்க்காரருக்குக் கடலூர் டவுன் பக்கம், புதுச்சேரி தூரம். வங்கிக் கணக்கும் கடலூரில் இருக்கலாம். ஆனாலும் பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் ஊர்களுக்கு முகாம் கேட்டு எழுத வேண்டியது புதுச்சேரி முன்னோடி வங்கி மேலாளருக்கு. தூரத்தை வைத்துக் கடலூரில் மனு கொடுத்தால் அது அங்கேயே கிடக்கும். கணக்கு சம்பந்தமான புகார் மட்டும் கணக்கு இருக்கிற கிளைக்கு.

நேரில் போவதானால் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். ஆலோசகர் பாதி நாட்கள் கிராம முகாமில் இருப்பார். திங்கட்கிழமை வேண்டாம், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் நடக்கும் நாள், அன்று முன்னோடி வங்கி மேலாளரைப் பிடிப்பது கஷ்டம். கையில் புள்ளி வைத்த பாஸ்புக், இருக்கிற கடன் ஒவ்வொன்றின் தாள், காப்பீட்டு பாலிசி, ஒரு பக்கத்தில் எழுதிய மாத வரவு செலவு. ‘பணத்தை எப்படி சேமிக்கறது சார்’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘மூணு கடன் இருக்கு, இதுல எதை முதல்ல அடைக்கணும்’ என்று தாளை விரித்துக் கேட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அவர்களால் கடன் அனுமதிக்க முடியாது. எந்தப் பங்கு வாங்கலாம் என்றும் சொல்ல மாட்டார்கள். ஓடிபி, ஏடிஎம் பின் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த ஆள் அந்த மையத்தவர் இல்லை.

கிராமப்புற வங்கிக் கிளைகள் மாதம் ஒரு நிதிக் கல்வி முகாம் நடத்த வேண்டும், மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேலை நேரம் முடிந்த பின் என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. சில கிளைகளில் இது நோட்டீஸ் போர்டோடு நின்றுவிடுகிறது. மகளிர் குழுவோ, ஊராட்சியோ, கல்லூரி என்எஸ்எஸ் அமைப்போ எழுத்தில் கேட்டால் முகாம் நடக்கிறது. கடிதத்தில் இடம், தேதி, எத்தனை பேர் என்பதோடு ஒரே தலைப்பைக் குறிப்பிடுங்கள்: நகைக் கடன், யுபிஐ, சீட்டு, ஏதாவது ஒன்று. தலைப்பு இல்லாமல் கேட்டால் எல்லாத் திட்டத்தையும் பட்டியல் படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வட்டியைக் கணக்கிடத் தெரிந்தால் பாதிக் கடல் தாண்டியாயிற்று

இந்தப் பகுதியில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். வங்கி வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேசும். ‘மூணு வட்டி’ என்பது 36 சதவீதம். 10,000 வாங்கினால் மாதம் 300, வருடம் 3,600, அசல் அப்படியே நிற்கும். ‘ஒண்ணரை வட்டிதான்’ என்று லேசாகச் சொல்வதும் 18 சதவீதம்.

இதைவிட ஏமாற்றுவது ‘ஃப்ளாட் வட்டி’. டூவீலர், டிவி, குழுக் கடன் பேசுகிற இடங்களில் கவனியுங்கள். 60,000 ரூபாய் கடன், ஒரு வருடம், ‘12 சதவீதம் ஃப்ளாட்’ என்கிறார்கள். வட்டி 7,200, மொத்தம் 67,200, மாதத் தவணை 5,600. பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறீர்கள். ஆறாவது மாதத்தில் உங்கள் கையில் பாதிக் கடன்தான் இருக்கிறது, வட்டி மட்டும் முழு 60,000-க்கும் ஓடுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடம் ஏறத்தாழ 21½ சதவீதம். ஆவணக் கட்டணம் என்று முதலிலேயே 1,200 பிடித்துக்கொண்டு கையில் 58,800 கொடுத்தால் 25 சதவீதத்தைத் தாண்டும்.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர்களுக்குத் தரும் கடனுக்குக் கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவரத் தாள்’ (கேஎஃப்எஸ்) தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். அதில் ‘ஏபிஆர்’ என்று ஒரு எண் இருக்கும். கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான வருட வட்டி அதுதான். இரண்டு இடத்துக் கடனை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். ‘தமிழில் கேஎஃப்எஸ் கொடுங்க’ என்று கேளுங்கள். ‘அப்புறம் மெயிலில் வரும்’ என்றால் கையெழுத்தையும் அப்புறமே போடலாம்.

நகைக் கடனுக்கு 2026 ஏப்ரலிலிருந்து புது விதிகள். செலவுக்காக வாங்கும் கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 என்பதுதான் உச்சம். கடனை முழுதாக அடைத்த அன்றே, அதிகம் போனால் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும்தான். தெருமுனை அடகுக் கடை ரிசர்வ் வங்கியின் கீழ் வராது, அதற்கு மாநிலச் சட்டம் வேறு. உச்ச வரம்பு வரை கடன் வாங்குவதும் புத்திசாலித்தனமில்லை. தங்கம் விலை சற்று இறங்கினாலே வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி போன் வரும்.

கடன் வரலாற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுதும் கண்காணிப்பு கிடைக்கும். பணம் கட்டச் சொல்லும் பக்கம் முன்னால் வந்து நிற்கும். ‘வருடாந்திர இலவச அறிக்கை’ என்ற சின்ன இணைப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடைத்த கடன் அடையாததாகக் காட்டினால் அங்கேயே மறுப்பு பதியலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதன் பின் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

சீட்டு, நகைச் சீட்டு, டெபாசிட்

சீட்டு போடுவதே தப்பு என்று சொல்லும் பாடத்தை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியது, அது பதிவான சீட்டா என்பதே. 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவும் தனித்தனியாக மாநிலப் பதிவாளரிடம் அனுமதி பெற்றுப் பதிவாக வேண்டும். நிறுவனம் பதிவானது என்பது வேறு, நீங்கள் சேரும் அந்தக் குழு பதிவானது என்பது வேறு. ‘நாங்க கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணிருக்கோம்’ என்று காட்டும் தாள் பெரும்பாலும் முதலாவது. குழுவின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கடலூரில் தமிழ்நாட்டுப் பதிவுத் துறையிடமும், புதுச்சேரியில் அந்த அரசின் பதிவாளரிடமும் சரிபார்க்கலாம். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தை மீறக் கூடாது. தெருவில் நடக்கும் தீபாவளிச் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. போடுவதானால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையைத் தாண்டாதீர்கள்.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் எல்லாக் கடையிலும் 11 மாதமாக இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது கம்பெனிச் சட்ட விதிகளில் ‘டெபாசிட்’ ஆகாது. டெபாசிட் இல்லை என்றால் டெபாசிட் காப்பீடும் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்குப் பொருந்தாது. இரண்டும் ‘கூட்டுறவு பேங்க்’ என்றே அழைக்கப்படுவதால் குழப்பம். அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. அதன் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் என்பதால் பழைய பிரசுரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அதிக வட்டி தருகிறோம் என்று யாராவது வந்தால் ரிசர்வ் வங்கியின் ‘சாசெட்’ தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். டெபாசிட் வாங்க யார் அனுமதித்தார்கள் என்று காட்டும், அங்கேயே தகவலும் கொடுக்கலாம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் ஆப்களுக்கும் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கித் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது.

பங்குச் சந்தை பக்கம் போகிறவர்களுக்கு

செபியின் முதலீட்டாளர் தளமும், 2022-இல் வந்த ‘சாரதி’ ஆப்பும் அடிப்படைக்குப் போதும். படித்தது மண்டையில் ஏறியதா என்று பார்க்க செபி முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. வீட்டிலிருந்தே எழுதலாம், கட்டணம் கிடையாது, பாடப்பொருளும் இலவசம். வாட்ஸாப், டெலிகிராம் குழுவில் டிப்ஸ் கொடுப்பவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆலோசகர் என்றால் ஆங்கில எழுத்தில் ஐஎன்ஏ என்றும், ஆய்வாளர் என்றால் ஐஎன்எச் என்றும், தரகர் என்றால் ஐஎன்இசட் என்றும் தொடங்கும். எண்ணை வாங்கியதோடு நிற்காமல் செபி தளத்தில் தேடிப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிஜ ஆலோசகரின் எண்ணைத் திருடிப் போடுவது பழைய தந்திரம். பணம் அனுப்பும் யுபிஐ முகவரியை ‘செபி செக்’ வசதியில் போட்டுப் பார்க்கலாம். பதிவுபெற்ற தரகருக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் 2025 அக்டோபர் முதல் ‘வேலிட்’ என்ற சொல் அடங்கிய தனி முகவரி உண்டு. அதற்குப் பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் சின்னம் தெரியும்.

அப்பா போட்ட பணம் எங்கே?

இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் நிதிக்குப் போகும். போனாலும் உரிமை போகாது. ‘உத்கம்’ தளத்தில் பெயரோடு பான், பிறந்த தேதி போன்ற ஒரு விவரம் கொடுத்துத் தேடலாம். பழைய கணக்குகளில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருக்கும். புதுச்சேரிக்காரர்கள் பெயரில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலும் சேரும். நான்கைந்து விதமாக அடித்துப் பாருங்கள். தளம் காட்டுவது வங்கியின் பெயரை மட்டும். பணத்துக்கு அந்த வங்கிக்குத்தான் போக வேண்டும். செயலற்ற கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, எனவே ‘எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு’ என்பவர் தேவையில்லை. காப்பீட்டுக்கு ‘பீமா பரோசா’, மியூச்சுவல் ஃபண்டுக்கு ‘மித்ரா’ இதே வேலையைச் செய்கின்றன.

பணம் போய்விட்டால், புகார் கொடுப்பதானால்

ஆன்லைன் மோசடியில் பணம் போனால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். கடலூரில் இருந்தாலும் புதுச்சேரியில் இருந்தாலும் அதே எண்தான். எந்த ஸ்டேஷன் எல்லை என்று விசாரித்து நேரம் கடத்தாதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் திரும்பும். பேசும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் உடனே சொல்லி, புகார் எண்ணை எழுதிவையுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் எடுத்திருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பின் போவது வங்கியின் நஷ்டம். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவைப்பவர்களுக்குத்தான் இழப்பு பெரிதாகிறது.

வங்கிச் சேவையில் குறை என்றால் நேராக ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், தேதியோடு ஒப்புகை. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் தளத்தில் பதியலாம். எப்படிப் பதிவது என்று 14448 என்ற எண்ணுக்கு போன் செய்து தமிழிலேயே கேட்கலாம். புகாரில் கதையைக் குறைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு போனது, வங்கியிடம் எப்போது சொன்னீர்கள், என்ன வேண்டும் என்ற நான்கையும் எழுதி, ஒப்புகைச் சீட்டையும் பாஸ்புக்கில் புள்ளி வைத்த அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து இணைத்துவிடுங்கள். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.